சுப்பிரமணி ஊதிய சைபர்

திருவண்ணாமலை டெப்போவுக்கு ஊதும் மிஷின் வரப்போகிறது என்று தெரிந்ததும் முதலில் கொதித்தவர் ராஜமாணிக்கம்தான். எங்கோ ஓர் ஊரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய டிரைவர் பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கிவிட்டாராம். அதிலிருந்து எல்லா டெப்போவிலும் டிரைவர்கள் டியூட்டிக்குப் போகும் முன் மிஷினில் ஊதிக் காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. இரண்டாயிரத்து நாலாம் வருஷம், கோடை.

ராஜமாணிக்கம் டிரைவர். அதோடு அந்த டெப்போவில் சங்கத்தின் கிளைச் செயலாளர். வாயிற்கூட்டத்தில் மைக் இல்லாமலே அவர் குரல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

"வாசல்ல நிக்க வெச்சு வாய மோந்து பாக்கறதுக்கு நாங்க இன்னா திருட்டுப் பசங்களா? சங்கத்த கேக்காம ஒரு மிஷினும் உள்ள வராது!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆனால் அவர் வெறுமனே கத்துகிற ஆள் இல்லை. கிளை மேலாளர் சக்கரபாணியோடு உட்கார்ந்து பேசினார். உத்தரவைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் நிபந்தனை போட்டார். டிரைவர் மட்டும் ஊதினால் போதாது, ஜீப் டிரைவர், சூப்பர்வைசர், மேலாளர் உட்பட எல்லாரும் ஊத வேண்டும். ஊதும்போது சங்கத்து ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருக்க வேண்டும். மிஷின் சிவப்பு காட்டினால் ஆளை அங்கேயே அவமானப்படுத்தக் கூடாது. உள்ளே அழைத்துப் போய் வாய் கொப்பளிக்கச் செய்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். சக்கரபாணி எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். கையெழுத்தானது சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம். மறுநாள் காலையிலிருந்தே மிஷின் நடைமுறைக்கு வரும்.

நல்ல ஒப்பந்தம் போட்ட திருப்தியோடு அடி அண்ணாமலையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனார் ராஜமாணிக்கம். சாப்பாட்டுக்கு முன்னால், கிணற்றடியில் இருந்த மோட்டார் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதுதான் ஊருக்குத் தெரியாத விஷயம். பல வருஷமாக நடந்துவருவது. உள்ளூர் பிராந்திக் கடைப் பக்கம் அவர் தலை வைத்துப் படுக்கவும் மாட்டார். வேலூர் டிரிப் போகும்போது அங்கே வாங்கி, காக்கிச் சட்டைக்கு அடியில் பையில் வைத்து எடுத்து வருவார். மனைவி சரோஜாவுக்கு மட்டும் தெரியும். அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். அந்த மூடின தட்டுதான் அவளுடைய பேச்சு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி சாப்பிடுவார். அன்றைக்குச் சந்தோஷத்தில் வழக்கத்தைவிட ஜாஸ்தியாகவே குடித்தார்.

காலையில் எழுந்து தலைக்குக் குளித்தார். விபூதி பூசி, நாலு கிராம்பை வாயில் போட்டு மென்றபடி டெப்போவுக்கு வந்தார். தூங்கி எழுந்தாகிவிட்டது, குளித்தாகிவிட்டது, இனி என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தார்.

டெப்போ திருவிழா மாதிரி இருந்தது. வெளியூர் டெப்போக்களிலிருந்து வந்த ஸ்பெஷல் பஸ்கள் ரோடு வரைக்கும் நின்றன. டைம் ஆபீஸ் வாசலில் ஒரு மேஜை போட்டு, அதன் மேல் கைக்கு அடக்கமான அந்த மிஷினை வைத்திருந்தார்கள். சக்கரபாணி தானே முதலில் ஊதிக் காட்டினார். சைபர். டிரைவர்கள் கூட்டமாக நின்று பார்த்தார்களே தவிர யாரும் முன்னால் வரவில்லை.

திருமலை என்ற இளவயசு டிரைவர் குரல் கொடுத்தான். "கையெழுத்துப் போட்டது நம்ம செயலாளர் அண்ணன். மொதல்ல அண்ணன் ஊதட்டும். அப்புறம் நாங்க ஊதறோம்."

எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். அது கிண்டல் இல்லை, மரியாதை. ராஜமாணிக்கமும் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். சூப்பர்வைசர் புதுக் குழாய் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினார்.

மிஷின் கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

சுற்றி நின்றவர்களின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சக்கரபாணி மிஷினைக் கையில் எடுத்து எண்ணைப் பார்த்தார். பிறகு யாருக்கும் காட்டாமல் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"உள்ள வாங்க ராஜமாணிக்கம். நீங்க சொன்ன கண்டிஷன்தான். தண்ணி குடிங்க, கொஞ்ச நேரம் ஒக்காருங்க, அப்புறம் பாக்கலாம்."

நல்ல மனுஷன். உள்ளே போயிருந்தால் விஷயம் நாலு சுவருக்குள் முடிந்திருக்கும். ராஜமாணிக்கத்துக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அத்தனை கண்களும் தன் வாயையே பார்ப்பது போல் இருந்தது. யோசிப்பதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"மிஷின்ல கோளாறு."

அவ்வளவுதான் சொன்னார். மீதியைக் கூட்டம் பார்த்துக்கொண்டது.

"பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்!" என்று திருமலை குதித்தான். "அண்ணன் டீயத் தவிர எதனா தொட்டிருப்பாரா? அவருக்கே செவப்பு எரியுதுன்னா நம்ம கதி இன்னா? எவன் வேலையும் மிஞ்சாது!"

"ஊத மாட்டோம்! வண்டி எடுக்க மாட்டோம்!"

யாரோ போய் வெளிவாசலுக்குக் குறுக்கே ஒரு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து போன்மேல் போன். கிரிவலத்துக்கு வரும் ஜனங்கள் வேலூரிலும் விழுப்புரத்திலும் காத்துக் கிடக்கிறார்கள், வண்டி எங்கே என்று. சக்கரபாணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மிஷின் சரியாத்தான்யா இருக்குது. நான் ஊதினனே, சைபர்தானே காட்டிச்சு?"

"நீங்க ஆபீசரு! உங்களுக்கு அது நல்லாத்தான் காட்டும்" என்றான் திருமலை. பிறகு கூட்டத்தில் யாரையோ தேடினான். "சுப்பிரமணி எங்க? சுப்பிரமணிய கூப்புடு. அவனுக்கு இன்னா காட்டுதுன்னு பாப்போம்!"

கொல்லென்று சிரிப்பு. சுப்பிரமணியும் டிரைவர்தான். டெப்போவில் குடிக்குப் பேர் போன ஆள். போன மழைக்காலத்தில் டியூட்டியில் குடித்திருந்ததாக சஸ்பெண்ட் ஆனான். ராஜமாணிக்கம்தான் பேசி அவனைத் திரும்ப வேலையில் சேர்த்தார். சேர்த்த அன்று வாயிற்கூட்டத்தில் அவனை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினார். "சங்கத்து மானத்தயே வாங்கிட்டியேடா. இனிமே தொட மாட்டேன்னு சொல்லு. சத்தமா சொல்லு" என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுப்பிரமணி குனிந்த தலை நிமிரவில்லை. அன்று சாயங்காலமும் ராஜமாணிக்கம் மோட்டார் கொட்டகைக்குப் போகத்தான் செய்தார்.

முதல் நாள் ராத்திரி வெகுநேரம் கழித்து சென்னை வண்டியை ஓட்டிவந்து, வீட்டுக்குப் போகாமல் ரெஸ்ட் ரூமிலேயே படுத்திருந்த சுப்பிரமணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். என்ன ஏது என்று புரியாமல் வந்தவன், சொன்னபடி குழாயில் ஊதினான். சத்தம் வரவில்லை. விளக்கு எரியவில்லை. மிஷின் சைபர் காட்டியது.

அப்புறம் ஒரே கூச்சல்.

"சுப்பிரமணிக்கு சைபராம்! செயலாளருக்கு செவப்பாம்! இது மிஷினா, பொம்மையா?"

"அவரு குடிக்கலன்னா சைபர்தானே வரும்?" என்று சக்கரபாணி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சுப்பிரமணி குடிக்காமல் இருக்கிறான் என்பதை நம்ப அங்கே ஒருத்தரும் தயாராக இல்லை. அவன் அந்த மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி நிமிர்ந்து, யாராவது தன்னிடம் ஒரு வார்த்தை சொல்வார்களா என்று சுற்றிலும் பார்த்தான்.

திருமலை அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "நீயே சொல்லுப்பா. ராத்திரி போட்டியா இல்லையா? நெஜத்த சொல்லு. உன்ன ஒண்ணும் பண்ண விட மாட்டோம்."

சுப்பிரமணி ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினான். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழ இடம்தான். கிராம்பு வாசனைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அந்த டெப்போவில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். அவன் மூக்கு லேசாக விரிந்ததை ராஜமாணிக்கம் பார்த்தார். அவனுக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் கோபம் எதுவும் இல்லை. இரக்கத்தோடு பார்த்தான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டார்.

"குடிச்சேன்" என்றான் சுப்பிரமணி. "ராத்திரியும் குடிச்சேன். விடியகாலமும் ஒரு குவார்ட்டர் போட்டேன். மிஷின் காட்டல."

டெப்போ கிடுகிடுத்தது. அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ராஜமாணிக்கம் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். இவன் குடிக்கவில்லை என்று அந்த இடத்திலேயே சொன்னால் போதும்.

மேலிடத்திலிருந்து சக்கரபாணிக்குப் போன் வந்தது. மிஷினை ஓரமாக வையுங்கள், முதலில் வண்டியை ஓட்டுங்கள் என்று உத்தரவு. அவர் மிஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். தன் வாயாலேயே குடித்ததாகச் சொன்ன சுப்பிரமணிக்கு மட்டும் அன்றைக்கு டியூட்டி இல்லை என்றார். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்து அனுப்பினார். திரும்பி ராஜமாணிக்கத்திடம் வந்தார்.

"நீங்க வண்டி எடுக்கப் போறீங்களா?"

எடுக்கவில்லை என்றால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். திருமலை பக்கத்திலேயே நின்றான்.

"எடுக்கறேன்" என்றார்.

வேலூர் வண்டி. போகும்போது கூட்டம் கம்மி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் கண்ணாடி வளையல் சத்தத்தோடு உட்கார்ந்திருந்தாள். ராஜமாணிக்கத்துக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட நாளில்கூட இப்படிக் கை நடுங்கியதில்லை. எதிரே வந்த மாட்டு வண்டிக்கெல்லாம் பிரேக் போட்டார். "இன்னா சார், தேர் ஓட்டற மாதிரி ஓட்டறீங்க?" என்று கண்டக்டர் கேட்டான். போளூரில் இறங்கி முகம் கழுவினார். கண்ணமங்கலத்தில் மறுபடி கழுவினார். வேலூரிலிருந்து திரும்பும்போது வண்டி பிதுங்கியது. கைக்குழந்தைகள், தேங்காய்ப் பை, படியில் தொங்கும் பையன்கள். "அண்ணாமலைக்கு அரோகரா" என்று அவர்கள் குரல் கொடுத்தபோதெல்லாம் அவருக்கு முதுகு கூசியது. வழியில் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரையும் பத்திரமாக இறக்கிவிட்டார். இறங்கிப்போன ஒரு பெரியவர் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் சுப்பிரமணியைத் தேடிப் போனார். ரமணாசிரமம் தாண்டி, செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில் அவனுக்கு வாடகை வீடு. ரோட்டோரத்தில் அவன் மனைவி பொன்னி டிபன் கடை வைத்திருந்தாள். பௌர்ணமி என்றால் அவளுக்கு உட்கார நேரம் இருக்காது. ரோடு நிறைய ஜனம் நடந்துகொண்டிருக்க, அன்றைக்குக் கடை மட்டும் சாக்குப் படுதாவை இறக்கி மூடிக் கிடந்தது. அண்டா நிறைய அரைத்து வைத்த மாவு புளித்துப் பொங்கி வழிந்திருந்தது. வீட்டுக் கதவில் பூட்டு. பூட்டின கதவுக்கு முன்னால் செருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுப்பிரமணி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்கண்ணா."

"பொன்னி எங்கப்பா?"

"வேங்கிக்கால்ல அவ அக்கா வூட்டுக்குப் போய்ட்டா. நம்ம டெப்போ பசங்க மத்தியானம் கடைக்கு வந்திருக்கானுங்க. உன் வூட்டுக்காரன்தான் இன்னிக்கு ஹீரோ, காலங்காத்தால குவார்ட்டர் போட்டுட்டு மிஷினயே ஏமாத்திட்டான்னு சிரிச்சிகினு சொல்லியிருக்கானுங்க."

ராஜமாணிக்கம் படியில் உட்கார்ந்தார்.

"ஏண்டா அப்படி சொன்ன?"

"இன்னா பண்றதுண்ணா? நீங்க இல்லன்னா டெப்போவுல எவன் எவனுக்காக பேசுவான்? எனக்குக் குடிகாரன்னு பேரு பழசு. இன்னொரு தபா சொன்னா ஒண்ணும் கொறஞ்சிடாதுன்னு நெனச்சேன்." பூட்டின கதவைத் திரும்பிப் பார்த்தான். "இவ காதுக்குப் போவும்னு தோணலண்ணா. அத்த நெனைக்கல நானு."

"நெஜமாவே விட்டுட்டியா நீ?"

"கற்பூரத்து மேல சத்தியம் பண்ண வெச்சீங்களே?" என்றான் அவன், இது என்ன கேள்வி என்பது போல.

ராஜமாணிக்கம் அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. தனியாகவே வேங்கிக்காலுக்குப் போனார். புதிதாகக் கட்டின வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டு வீட்டு வாசலில் பொன்னி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் புடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து புடவையைச் சரி செய்தாள்.

"சமாதானம் பண்ண வந்தீங்களா? வேணாங்க. ஆறு மாசமா டெய்லி வூட்டுக்கு வந்ததும் என் மூஞ்சி கிட்ட வந்து ஊதிக் காட்டும் அது. நான் கேக்காமலே ஊதும். நானும் நம்பிட்டேன். வெளியூர்ல தங்கற அன்னிக்கு குடிச்சிக்கறது, வூட்டுக்கு வர்ற அன்னிக்கு ஊதிக் காட்டறதுன்னு இருந்திருக்குது. என்ன எவ்ளோ முட்டாளா ஆக்கிட்டுது பாருங்க."

"பொன்னி, அவன் குடிக்கலம்மா."

"பத்து பேரு கேட்டுகினு இருந்தாங்களாம். அதுவே சொல்லிச்சாம்."

"குடிச்சது நானு. மிஷின் எனக்குக் காட்டினது நெஜம். அவனுக்குக் காட்டினதும் நெஜம். என்ன காப்பாத்தறதுக்கு அவன் பொய் சொன்னான்."

பொன்னி அவர் முகத்தையே பார்த்தாள். உள்ளே அவள் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அது பொய் சொல்லும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான் இருந்தேன்."

"பக்கத்துலயா?"

"பக்கத்துலதான்."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இப்ப என்கிட்ட தனியா வந்து சொல்றீங்க. நாளைக்கு நீங்க இல்லன்னு சொன்னா இல்லதான். அத்தினி பேரு முன்னால அது மானம் போச்சு. அங்க போய் சொல்லுங்க. அங்கேந்து என் காதுக்கு வரட்டும், அப்ப நம்பறேன்."

மறுநாள் காலை வெற்றிக் கூட்டம் என்று திருமலை ஏற்பாடு செய்திருந்தான். வாசலில் ஒரு மர பெஞ்சு, அதன் மேல் சாமந்தி மாலை. ராஜமாணிக்கம் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கையால் தடுத்தார்.

"மாலை வேணாம். நான் சொல்றத கேளுங்க. மிஷின்ல கோளாறு இல்ல. நான் குடிச்சிருந்தேன். நேத்து மட்டும் இல்ல, தெனமும் குடிக்கறேன். சுப்பிரமணி குடிக்கல."

இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பின்னால் நின்றவர்கள் "இன்னா சொல்றாரு?" என்று கேட்டார்கள். இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் முறையைவிட இரண்டாவது முறை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

திருமலை பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான். "அண்ணே, மேனேஜர் இன்னா சொல்லி மிரட்டினாரு? சொல்லுங்க, பாத்துக்கலாம்."

"யாரும் மிரட்டலப்பா. நேத்து கண்ணமங்கலம் வரைக்கும் எனக்குக் கை நடுங்கிகினே இருந்துச்சு. அந்த வண்டியில ஜனங்க ஒக்காந்திருந்தாங்க."

அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொருத்தராக, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்பது போல் நகர்ந்துபோனார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சுப்பிரமணியும் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். திருமலை மட்டும் நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "இத்த நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்ணா" என்றான்.

சக்கரபாணி அறையில் எழுந்து நின்றே அவர் சொன்னதைக் கேட்டார்.

"மிஷின் காட்டின நம்பர நான் பாத்தேன் ராஜமாணிக்கம். பாத்துட்டும் உங்கள வண்டி எடுக்க விட்டேன். ராத்திரி பூரா அதான் என் மனச அரிச்சிகினு இருந்துச்சு" என்றார். பிறகு விதிப்படி என்னவோ அதைச் செய்தார். ராஜமாணிக்கம் சஸ்பெண்ட் ஆனார். சுப்பிரமணிக்குக் கொடுத்த மெமோ ரத்தானது. பொய் சொன்னதற்கு ஒரு கண்டிப்போடு விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு கேட்ட மாதிரி நானும் எப்பவோ கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் மோட்டார் கொட்டகையில் இருந்த காலி பாட்டில்களை இரண்டு பேருமாகச் சாக்கில் அள்ளினார்கள். சாக்கு நிரம்பி, இன்னொரு சாக்கும் தேவைப்பட்டது. அவ்வளவு இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

சங்கத்துக்குத் திருமலை செயலாளரானான். மிஷின் திரும்ப வந்தது; எல்லாரும் ஊதினார்கள். பொன்னி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள் என்றும், கடை நன்றாக ஓடுகிறது என்றும் யாரோ சொல்லித்தான் ராஜமாணிக்கத்துக்குத் தெரிந்தது. அந்த வழியாக அவர் போவதை விட்டுவிட்டார். மாசக்கணக்கில் வீட்டில் இருந்த பிறகு, செங்கம் டெப்போவில் வேலை கொடுத்தார்கள். ஊதிவிட்டுப் போவார், வண்டி ஓட்டுவார், வருவார். யாரிடமும் அதிகம் பேச்சில்லை. சில நாள் சாயங்காலத்தில் உடம்பு கேட்கும். எழுந்து போய்த் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்.

ஒரு தடவை திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியிருந்தார். பக்கத்தில் ஒரு சென்னை வண்டி வந்து நின்றது. டிரைவர் சீட்டில் சுப்பிரமணி. கொஞ்சம் சதை போட்டிருந்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பழைய மாதிரியே கூப்பிட்டான்.

"அண்ணா, டீ குடிச்சீங்களா? வாங்க, போலாம்."

ராஜமாணிக்கம் காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. "ஆச்சுப்பா, இப்பதான்" என்றார், கண்ணாடியைத் துடைப்பது போல் குனிந்துகொண்டே. சுப்பிரமணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி, தனியாக டீக்கடைப் பக்கம் நடந்தான்.